எங்க கோமதிக்கு ஒண்ணும் தெரியாது

சன்னல் பக்கம் நீங்க வாங்க தாயி. மாசமா இருக்கிற பிள்ளைக்குக் காத்து வேணும், நான் ஓரத்துல இருந்துக்கிடுறேன். எத்தன மாசம்? நாலு முடிஞ்சிருச்சா? வயிறு ஒண்ணும் தெரியல, ஆனா எனக்குத் தெரிஞ்சிருச்சு. படியில ஏறும்போது நீங்க கம்பியப் பிடிச்ச விதமே சொல்லிருச்சு. இருபத்திமூணு வருசமா அங்கன்வாடி டீச்சரா இருக்கேன்ல? கோவில்பட்டிக்குக் கெழக்க வந்து சீனித்தாய் டீச்சர்னு கேளுங்க, ஆறு ஊருல கைகாட்டுவாக.

மடியில என்ன, ரத்தப் பரிசோதனைக் காகிதமா? வாங்குனது மாதிரியே மடிச்சு வச்சிருக்கீக? பிரிச்சுப் பாக்கணும் தாயி. குடுங்க. வெள்ளை அணு பதினோராயிரம். இருக்கட்டும், பிள்ளை உண்டானா கொஞ்சம் கூடத்தான் காட்டும். நல்ல நம்பருதான். எங்க தம்பி பொண்டாட்டிக்கு எம்புட்டு இருந்துச்சு தெரியுமா? ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். பயமுறுத்தணும்னு சொல்லல. ஏன் இப்படி முழிக்கிறீக? உங்களுக்குத்தான் நல்ல நம்பருன்னு சொல்லிட்டேன்ல? மதுரை போற வரைக்கும் சும்மாதான வாரோம், சொல்றேன், கேளுங்க.

எங்க தம்பி பேரு காளிராஜ். லோடு ஆட்டோ ஓட்டுறான். எங்க அம்மா போனப்ப அவனுக்கு ஏழு வயசு, நான்தான் வளத்தேன். எனக்குப் பிள்ளை கிடையாது, அவரும் வெள்ளனயே போய்ச் சேந்துட்டாரு, அதனால தம்பி வீடுதான் என் வீடு. அவன் பொண்டாட்டி கோமதி. படிச்ச பிள்ளை, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இ-சேவை மையத்துல வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அவ கையாலதான் கம்ப்யூட்டர்ல ஏறும். நல்ல பிள்ளை, ஆனா அப்பிராணி. ஒண்ணு சொன்னா அப்படியே நம்பிரும். அதான் எனக்குக் கவலையே.

ஆறு வருசமா பிள்ளை இல்லாம இருந்து, போன வருசம் உண்டானா. என் பதிவேட்டுல நானே அவ பேர எழுதினேன். ரெண்டர மாசத்துல ரத்தம் எடுத்தாக. மறுநாள் நர்சம்மா காகிதத்தப் பிடிச்சிட்டு நிக்கிறாக. நான் வாங்கிப் பாத்துட்டு, "ஒரு சைபரு சேத்து அடிச்சிட்டாக, திருப்பி அடிக்கச் சொல்லுங்க"ன்னேன். மறுபடி எடுத்தாக. அதே நம்பரு. மதுரைக்குப் போங்கன்னுட்டாக.

மதுரையில பெரிய ஆஸ்பத்திரி, ரத்த நோய்க்குன்னே ஒரு டாக்டரம்மா. என்னமோ ஒரு விசேஷ பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாக. போனோம். கோமதிய வெளிய பெஞ்சில உக்கார வச்சிட்டு நானும் தம்பியும் முந்திக்கிட்டு உள்ள போயிட்டோம். அவுக கோமதியக் கூப்பிடச் சொன்னாக, நான்தான் முதல்ல எங்ககிட்டச் சொல்லுங்கன்னு பிடிவாதமா நின்னேன். கடைசியில சொன்னாக. ரத்தத்துல புத்துநோய். ஆனா மெதுவா நகர்ற வகையாம். மாத்திரை இருக்கு, தினம் சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே காலம் தள்ளலாமாம். ஆனா வயித்துல பிள்ளை இருக்கிற வரைக்கும் அந்த மாத்திரையக் குடுக்கக் கூடாது, பிள்ளைக்கு ஊனம் வரலாம். அதுவரைக்கும் ஊசி போட்டு ஓட்டலாம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எண்ணிக்கை பாக்கணும், கட்டுக்குள்ள நிக்கலைன்னா வேற வழி யோசிக்கணும். "பிள்ளைய வச்சுக்கிடணுமா வேண்டாமாங்கிறத அந்தப் பொண்ணுதான் முடிவு பண்ணணும்"னாக.

தம்பி அங்கனயே மூஞ்சியப் பொத்திட்டு உக்காந்துட்டான். நான் அழல. யோசிச்சேன். "டாக்டரம்மா, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாது. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா. நான் பக்குவமா பாத்துக்கிடுறேன்"னு சொன்னேன். அவுக என்னைய ஏற இறங்கப் பாத்தாக. அப்புறம் ஒரு சீட்டை எழுதி, "அம்மா, இதுக்கு நீங்க போய் முத்திரை வாங்கிட்டு வாங்க. பழைய கட்டடம், நாலாவது மாடி. நீங்க போனாத்தான் நடக்கும்"னாக. பாத்தீகளா, வந்த ஒரு மணி நேரத்துல என்னைய எடை போட்டுட்டாக. தம்பியையும் இழுத்துக்கிட்டுப் போனேன். லிப்டு ஓடல. ஏறி எறங்கி, அங்கன ஆள் இல்லாம காத்துக் கெடந்து, திரும்பி வர முக்கா மணி நேரம். வந்து பாத்தா கோமதி உள்ள உக்காந்திருக்கா. டாக்டரம்மா அவ கையப் பிடிச்சுப் பேசிட்டு இருக்காக. எனக்கு பகீர்னுச்சு. கோமதி கண்ணெல்லாம் சிவந்து கெடக்கு.

"என்னாச்சு?"

"ஏசி காத்து ஒத்துக்கல மதினி."

உசுரு வந்துச்சு எனக்கு. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸுல, இதே மாதிரி சன்னல் பக்கம் உக்காந்துட்டு வந்தவ, சாத்தூர் வர்றப்ப திடீர்னு, "பிள்ளை இருக்கட்டும் மதினி"ன்னா.

"என்னட்டி, திடீர்னு?"

"சும்மாதான் சொன்னேன்."

இதத்தான் நான் தெய்வச் செயலுங்கிறேன். விவரம் ஒண்ணும் தெரியாமலேயே சரியான பதிலச் சொல்லிட்டா பாருங்க! எனக்கு அந்தக் கேள்விய அவகிட்டக் கேக்குற வேலை மிச்சம்.

அப்புறம் ஊசி. இன்டர்பெரானாம். வாரத்துக்கு மூணு, தோலுக்கடியில. வீட்டுலயே போட்டுக்கிடலாம்னு சொல்லி, யாரு போடுவீகன்னு கேட்டாக. தம்பி ஊசியப் பாத்தாலே மயங்கி விழுற ஆளு. நான்தான் கையத் தூக்கினேன். எத்தன தடுப்பூசி முகாம் பாத்திருக்கேன்! பிள்ளைகளப் பிடிச்சுக் குடுக்கிறது நான்தான.

கோமதிகிட்ட, "இது பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு, இப்ப புதுசா வந்திருக்கு"ன்னு சொல்லிட்டேன். "அப்படியா மதினி"ன்னா. குளிர்பெட்டியில தயிருக்குப் பக்கத்துல வச்சு, நாள் தவறாம நானே போட்டேன். எனக்குன்னு ஒரு முறை உண்டு. மூடியக் கழட்டுவேன். சாமியக் கும்பிடுவேன். கண்ண இறுக்க மூடிக்கிடுவேன். கண்ணத் தொறந்து பாத்தா மருந்து உள்ள போயிருக்கும், கோமதி பஞ்ச வச்சுத் தேச்சுக்கிட்டு இருப்பா. அம்புட்டுதான்! "நீங்க போட்டா வலியே தெரியல மதினி"ம்பா. கைராசி சில பேருக்குத்தான் வாய்க்கும் தாயி.

ஊசி போட்ட அன்னிக்குக் காய்ச்சல் அடிக்கும், ஒடம்பெல்லாம் வலிக்கும். அது பிள்ளை வளர்ற சூடுன்னு சொல்லிருவேன். அதையும் நம்பிருவா.

காப்பீட்டுத் திட்டத்துக்கு எழுதணும்னு வந்தப்பதான் ஒரு சிக்கல். காகிதத்த எங்க குடுத்து ஏத்தணும்? கோமதி வேலை பாக்குற அதே மையத்துல. தம்பி முழிச்சான். நான் விட்டுருவேனா? நோயோட பேரு இங்கிலீசுல நீளமா இருந்துச்சு, அது மேல வரிசையா மூணு ஸ்டிக்கர் பொட்ட ஒட்டிட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பொட்டப் பிய்க்காதட்டி, சாமி பொட்டு"ன்னு சொல்லிக் குடுத்தேன். சாயங்காலம் காகிதம் திரும்பி வந்துச்சு, மூணு பொட்டும் அப்படியே. நடுவுல இருந்த பெரிய பொட்டு மட்டும் ஓரத்துல இருந்துச்சு, மிசின் சூட்டுல நகந்திருக்கும். விண்ணப்பமும் பத்து நாள்ல பாஸாயிருச்சு. பொட்டு ஒட்டியிருந்தும் எப்படிப் பாஸாச்சுன்னு தம்பி கேட்டான். கேள்வி கேக்கத்தான் அவனுக்குத் தெரியும்.

ஊருக்கும் ஒண்ணு சொல்லணும்ல? மதுரைக்கும் வீட்டுக்கும் நடையா நடக்குறோம், கேப்பாக. கோமதியோட அம்மாகிட்ட சர்க்கரைன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்கிட்ட மஞ்சக் காமாலை. எங்க சித்தப்பாகிட்ட ரத்தக் கொதிப்பு. ஏன் ஆளுக்கொண்ணுன்னு கேக்காதீக, அந்தந்த நேரத்துல வாயில எது வந்துச்சோ அது. வளைகாப்பு அன்னிக்கு மூணு பேரும் ஒரே வீட்டுல வந்து நின்னாக. அம்மாக்காரி சர்க்கரை இல்லாத லட்டு செஞ்சு கொண்டாந்திருக்கா. வெள்ளத்தாய் கீழாநெல்லிய அரைச்சு உருண்டை பிடிச்சு வந்திருக்கா. சித்தப்பா உப்பில்லாத புளியோதரையத் தனி டப்பாவுல தூக்கிட்டு வந்திருக்காரு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. கோமதி என்ன பண்ணா தெரியுமா? அம்மாகிட்ட "சர்க்கரை எறங்கிட்டு வருதும்மா"ன்னா. வெள்ளத்தாய்கிட்ட "கண்ணுல மஞ்ச கொறைஞ்சிருச்சுக்கா"ன்னா. சித்தப்பாகிட்ட "கொதிப்பு நார்மலுக்கு வந்துருச்சு மாமா"ன்னா. ஒரு எடத்துல வாய் தடுமாறல! யார்கிட்ட என்ன சொல்லி வச்சேன்னு நான் அவகிட்ட மூச்சு விட்டதில்ல. எப்படிச் சரியாச் சொன்னா? நல்ல மனசுக்காரிக்கு வாக்கு தானா வந்து விழும்.

சிரிக்கிறீகளா? சிரிங்க, சிரிங்க. இந்த நேரத்துல சிரிக்கிறது பிள்ளைக்கு நல்லது.

ஏழு மாசம் முடியிற சமயத்துலதான் பெரிய சோதனை வந்துச்சு. இறங்கி வந்துட்டு இருந்த எண்ணிக்கை, திடீர்னு ரெண்டு மடங்கா ஏறிருச்சு. ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லிட்டாக. ஒரு கை வழியா ரத்தத்த எடுத்து, மிசினுக்குள்ள விட்டு, கூடுதலா இருக்கிற வெள்ளை அணுவ மட்டும் வடிச்சிட்டு, மறு கை வழியா ஏத்துறாக. மூணு மணி நேரம், ரெண்டு கையையும் அசைக்காம படுத்திருக்கணும். தம்பி வாசலுக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டான். நான் பக்கத்துல உக்காந்து, "பிள்ளைக்குப் போற ரத்தத்தச் சுத்தம் பண்றாக"ன்னு வெளக்கிட்டு இருந்தேன். மூக்கு அரிக்குதுன்னா, சொறிஞ்சு விட்டேன். தண்ணி குடுத்தேன். மிசினு கர்ர்ருனு ஓடிட்டு இருக்கு. அப்ப கூரையப் பாத்துக்கிட்டே கேட்டா.

"மதினி, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பிள்ளைய நீங்க வச்சுக்கிடுவீகள்ல?"

ஒண்ணும் தெரியாத பிள்ளை கேக்குற கேள்வியப் பாருங்க. சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கா. எனக்கு எங்கிருந்துதான் அம்புட்டு கோவம் வந்துச்சோ. "எனக்கு அங்கன்வாடியில நாப்பது பிள்ளைக இருக்கு, மூக்குத் தொடைக்கவே நேரம் இல்ல. உன் பிள்ளைய நீ வள. நான் எதுக்கு வளக்கணும்? பெத்துக்கிடத் தெரியுது, வளக்கத் தெரியாதாக்கும்?"னு சத்தம் போட்டுட்டேன். நர்சு ஓடி வந்து என்னைய அதட்டுச்சு. கோமதி சிரிச்சா. ரெண்டு கையும் கட்டிப் போட்ட மாதிரி கெடக்கு, கண்ணுல இருந்து தண்ணி காதுக்குள்ள போகுது, சிரிக்கிறா. தொடைச்சு விட்டேன். "மிசினு காத்து"ன்னா. அங்கன மிசினுல காத்து ஒண்ணும் வரல, ஆனா நான் எதுக்கு எதுத்துப் பேசணும்?

அப்புறம் நான் குளியலறைக்குப் போயி டேப்பத் தொறந்து விட்டுட்டு நின்னேன். தண்ணி ஒழுங்கா வருதான்னு பாக்கத்தான். பாக்கணும்ல, நோயாளிகளுக்கு ஆகுறது. ரொம்ப நேரம் பாத்தேன்.

நாலு தடவை அந்த மிசினுல போட்டு எடுத்தாக. ஊசியோட அளவையும் கூட்டினாக. எண்ணிக்கை எறங்குச்சு. எறங்கி நின்னுச்சு. ஒன்பது மாசம் நெருங்க, டாக்டரம்மாவும் பிரசவம் பாக்குற டாக்டரும் கலந்து பேசி ஒரு நாளக் குறிச்சாக, வலிக்கு மருந்து வச்சாக, சுகப்பிரசவம் தாயி! பொம்பளைப் பிள்ளை. ரெண்டு கிலோ அறுநூறு. நான் கையில வாங்குனதுமே எடை சொல்லிட்டேன், தராசு அப்புறம்தான் சொல்லுச்சு. பிள்ளைக்கு ரத்தம் பாத்தாக, ஒரு கோளாறும் கிடையாது. அந்த டாக்டரம்மா, சிரிக்கவே தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன், பிள்ளையத் தூக்கிட்டு வார்டு முழுக்க நடக்காக.

மூணு நாள் சீம்பால் குடுக்கட்டும், நாலாம் நாள்லேருந்து மாத்திரைய ஆரம்பிச்சிரணும், அதுக்கு மேல தாய்ப்பால் கூடாதுன்னு சொல்லிட்டாக. மாத்திரை பால்ல எறங்குமாம். அங்கதான் தாயி எனக்கு இடி விழுந்துச்சு. என் மையத்துக்கு நீங்க வந்து பாக்கணும், சுவரு முழுக்கத் தாய்ப்பால் படம்தான். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீகன்னு இருபத்திமூணு வருசமாத் தொண்டை கிழியக் கத்துனவ நான். என் வீட்டுல புட்டி! பால் வத்திப் போச்சுன்னு ஊருக்குச் சொன்னேன். கோமதிகிட்டயும், "உனக்குக் கால்சியம் மாத்திரை குடுக்காக, அது பாலுக்கு ஆகாதாம்"னு சொல்லி வச்சேன். "அப்படியா மதினி"ன்னா.

போன மாசம் கர்ப்பிணித் தாய்மார் கூட்டம். இருபது பேரு உக்காந்திருக்காக. கோமதியும் பிள்ளையத் தூக்கிட்டு வந்து, ஓரமா உக்காந்து புட்டியக் குடுத்துட்டு இருந்தா. நான் வழக்கம்போல தாய்ப்பால்ல ஆரம்பிச்சேன். முன்னால இருந்த ஒருத்தி, கெழக்குத் தெரு சரோசா, வாய்க்காரி, "டீச்சர் வீட்டுலயே புட்டிதான ஓடுது? தம்பி பொண்டாட்டிக்கு அழகு கொறைஞ்சிருமாக்கும்?"னு கேட்டுட்டா. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்காளுக. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள கோமதி எந்திரிச்சிட்டா. பிள்ளையத் தோள்ல போட்டு முதுகத் தட்டிக்கிட்டே, ஏதோ மின்சார ரசீது நம்பர் சொல்ற மாதிரி, அம்புட்டு சாதாரணமாச் சொல்றா.

"எனக்கு ரத்தப் புற்றுநோய்க்கா. மாத்திரை சாப்பிடுறேன், அது பால்ல எறங்கும், அதான் புட்டி. மூணாம் மாசத்துலேருந்தே எனக்குத் தெரியும். இந்த மாதிரி நோய் இருந்தாலும், நேரத்துல பாத்தா, பிள்ளையும் பெறலாம், நாமளும் இருக்கலாம். அதனால யாரும் ரத்தம் குடுக்காம ஒளியாதீக. எங்க மதினி மட்டும் பதிவேட்டோட என் பின்னால அலையலைன்னா நான் அந்தப் பரிசோதனைக்கே போயிருக்க மாட்டேன்."

சரோசா தலையக் குனிஞ்சிட்டா. அதோட முடிஞ்சிருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்! பின்னால இருந்து ஒரு சின்னப் பொண்ணு, "தெரியும்னா ஏன் வெளிய சொல்லாம இருந்தீக?"னு கேட்டா. கோமதி என் பக்கம் கையக் காட்டி, "மதினிக்காகத்தான். பயந்த சுபாவம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாக"ன்னா.

எப்படி இருக்கு! பயந்த சுபாவமாம்! எனக்கு! கண்ண மூடிக்கிட்டு ஊசி போட்ட எனக்கு!

பத்து நாள் அவகூடப் பேசல. தம்பிதான் சொல்லிக் குடுத்திருப்பான்னு அவனையும் ஒரு பிடி பிடிச்சேன், தலையில அடிச்சுச் சத்தியம் பண்றான், அவன் சொல்லலையாம். பொறவு வேற எப்படித்தான் தெரிஞ்சிருக்கும்? டாக்டரம்மாவா சொல்லியிருப்பாக? அவுககிட்டத்தான் நான் அம்புட்டு தூரம் சொல்லியிருந்தேனே.

பதினொண்ணாவது நாள் அவளே வந்து என் பக்கத்துல உக்காந்தா. "இனிமே எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிருறேன் மதினி"ன்னு சொல்லி, ரிப்போர்ட்ட எடுத்து வரிவரியாப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சா. இது இம்புட்டுக்கு மேல போனா ஆபத்து, இது எறங்கலைன்னா மாத்திரைய மாத்தணும்னு. எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல. மூணாவது நாள் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். "தாயி, நல்ல சேதியா இருந்தா மட்டும் என்கிட்டச் சொல்லு. கெட்டதா இருந்தா, முன்னாடி நடிச்ச மாதிரியே நடிச்சிரு. நீ நல்லா நடிக்கிற"ன்னேன். "சரி மதினி"ன்னுட்டா.

போன வாரம் மூணு மாச ரிப்போர்ட் வந்துச்சு. "எப்படிட்டி இருக்கு?"ன்னு கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு மதினி, டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம்"ன்னு சிரிச்சா. எனக்கும் சந்தோசம்தான். ஆனா படுத்தா ஒரே யோசனை. நல்லதா இருந்தாலும் சிரிப்பா, கெட்டதா இருந்தாலும் சிரிப்பா, நடிக்கச் சொன்னது நான்தான். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதான் இப்ப மதுரைக்குப் போறேன். டாக்டரம்மாவ நேர்ல பாத்து, அவ சொன்னது நெசம்தானான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரலாம்னு. கோமதிகிட்டச் சொல்லல. சத்துமாவு விசயமா மதுரையில மீட்டிங்குன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். எங்க மீட்டிங்கெல்லாம் தூத்துக்குடியிலதான் நடக்கும், அது அவளுக்கும் தெரியும், ஆனா கேக்கல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏத்திவிட வந்தா. பஸ் கெளம்பும்போது சன்னல் வழியா ஒரு கவரக் குடுத்து, "ரிப்போர்ட் இதுல இருக்கு மதினி. மீட்டிங்குல டாக்டரம்மாவப் பாத்தீகன்னா காட்டுங்க, நான் சொன்னது நெசம்தான்னு அவுக வாயாலயே கேட்டுக்கிடுங்க"ன்னா.

நீங்களே சொல்லுங்க தாயி, சத்துமாவு மீட்டிங்குக்கு டாக்டரம்மா எதுக்கு வரப் போறாக?